ஒரு கொம்பு, ஒரு கால்

ரொறொன்ரோவுக்குப் பக்கத்து விட்பியில் சிவபாதத்தின் வீட்டு பேஸ்மென்றில், உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. சப்பாத்துப் பெட்டி அளவுதான். அதற்குச் சேர்வர் என்று பெயர். பத்தொன்பது வருசமாக அவர் தேடித் தேடிச் சேர்த்த பாட்டெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. வார நாட்களில் அவர் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறவர். சனி ஞாயிறில் ரொறொன்ரோத் தமிழரின் நல்லது கெட்டதுக்கெல்லாம் சவுண்ட் போடுகிறவர். இரண்டில் எது உத்தியோகம் என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்லுவார்.

பாட்டுப் போடுகிறவனுக்கு எதைப் போடவேண்டும் என்று தெரிந்திருந்தால் போதாது, எதைப் போடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் எல்லாவற்றுக்கும் தனித்தனி லிஸ்ற் வைத்திருந்தார். மொத்தம் இருபத்தேழு. போனிலும் கொம்பியூட்டரிலும் ஒற்றை விரலால் தமிழ் அடிக்கிற மனிதர், முழுப்பெயரும் அடிக்கப் பஞ்சி. கல்யாணவீடு க.வீ. ஆனது. புதுவீட்டுக் குடிபூரல் கு.பூ. ஆனது. பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் செய்கிற சாமத்தியவீடு சா.வீ., செத்தவீடு செ.வீ. எங்கள் ஆட்களுக்கு எல்லாமே வீடுதானே. வாடகைக்கு எடுத்த ஹோலில் நடந்தாலும் வீடு, நிலத்துக்குக் கீழே ஜன்னலே இல்லாத ஹோலில் நடந்தாலும் வீடு.

இவ்வளவு காலமும் அவர் ஹோலில் லாப்ரொப்பைத் திறந்து, இன்ரநெற் வழியாக விட்பிப் பெட்டியிலிருந்து பாட்டை எடுத்துப் போட்டு வந்தார். போன மாசம் ஒரு கல்யாணத்தில் பொம்பிளை வாசலில் காலெடுத்து வைக்கிற நேரம் பார்த்து இன்ரநெற் படுத்துவிட்டது. ஒன்றரை நிமிசம். அந்த ஒன்றரை நிமிசமும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்க, பொம்பிளை ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றாள். அன்றைக்கே சிவபாதம் முடிவெடுத்தார். இனிப் பாட்டெல்லாம் போனுக்குள் இருக்கவேண்டும். ஆனால் முடிவெடுக்கிறது ஒரு வேலை, செய்கிறது இன்னொரு வேலை. மூன்று கிழமை அப்படியே போனது.

அதைச் செய்யவைத்தது அவருடைய தங்கச்சி ரதிதான். ரதியின் மகள் அட்சயாவுக்குப் பதின்மூன்று வயது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மோர்னிங்சைட் பக்கத்து ஹோல் ஒன்றில் சாமத்தியவீடு. சிவபாதம் தாய்மாமன். தாய்மாமன் தேங்காய் உடைக்கவேண்டும், மாலை போடவேண்டும், மேடைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். லாப்ரொப்புக்குப் பின்னால் குந்தியிருக்க முடியாது.

புதன்கிழமை ரதி போன் எடுத்தாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்தப் பாட்டு மட்டும் ஹோலில வரக்கூடாது."

எந்தப் பாட்டு என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. ரதியின் புருசன் இராசரத்தினம் இரண்டு வருசத்துக்கு முன்னர், ஒரு தை மாதத்துக் காலையில், ஒஷாவாவில் வேலைத்தலத்துக் கார்ப் பார்க்கில் விழுந்து செத்துப்போனான். ஐம்பது வயதுகூட இல்லை. செத்தவீட்டில் பெட்டி மூடுகிற நேரம், அவனுக்குப் பிடித்த ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போடச் சொல்லி ரதிதான் கேட்டாள். சிவபாதம் போட்டார். அவசரத்துக்குத் தேடாமல் எடுக்கலாம் என்று செ.வீ. லிஸ்ற்றில் அதைத்தான் முதலாவதாக வைத்தார். பிறகு அதை அங்கிருந்து அகற்றவும் மனம் வரவில்லை. அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தால் ரதி காரை ஓரம் கட்டிவிட்டு நிற்பாள் என்று அவருக்குத் தெரியும்.

"சனம் ஏற்கெனவே கதைக்குது அண்ணை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஹோல் எடுத்துச் செய்யினமாம் எண்டு. அதுக்குள்ள உந்தப் பாட்டும் வந்திட்டுதெண்டால் சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருப்பினம். சனத்தை விடுங்கோ. அதைக் கேட்டால் நான் நிண்ட இடத்திலயே இருந்திடுவன். அண்டைக்குப் பிள்ளைக்கு முன்னால அழமாட்டன் எண்டு நினைச்சு வைச்சிருக்கிறன்."

"கனவிலயும் வராது," என்றார் சிவபாதம். "அது என்ர பொறுப்பு."

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது உண்மைதான். ஆனால் இங்கே ஊர்வாய்க்குச் சாட்சியும் உண்டு. செத்தவீட்டுக்கு வந்த அதே முந்நூறு பேர்தான் சாமத்தியவீட்டுக்கும் வருவார்கள். பாட்டு வந்தால் ஒருவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, ஒரு தேத்தண்ணியும் இரண்டு ரோல்ஸுமாக சிவபாதம் பேஸ்மென்றுக்குள் இறங்கினார். முதலில் லிஸ்ற்றுகளை மட்டும் போனுக்கு அனுப்பினார். பெயர்கள் வந்து வரிசையாக நின்றன. எதைத் தட்டினாலும் சத்தம் இல்லை. லிஸ்ற் என்பது பாட்டு இல்லை, பாட்டு இருக்கிற இடத்தின் விலாசம் மட்டும்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்துக்குக் கார்ட் கொடுத்துவிட்டு ஹோல் எடுக்க மறந்த கதை. சரி என்று வயரைச் செருகி, பாட்டுகளையும் அனுப்பினார். அது இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பிறகு ஒவ்வொரு லிஸ்ற்றிலும் சேர்வரின் விலாசத்தை அழித்துப் போனின் விலாசத்தை எழுதினார். இருபத்தேழிலும் எழுதினார். பொறுமை என்றால் அப்படிப்பட்ட பொறுமை. கடைசியாக எல்லாவற்றையும் பாட்டுப் போடுகிற ஆப் ஒன்றுக்குள் விட்டார்.

வந்த பெயர்களைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. க.வீ. என்பது க.வ. என்று நின்றது. கு.பூ. என்பது க.ப. என்று நின்றது. அந்த ஆப்பை எழுதினவன் எவனோ, அவனுக்குத் தமிழ் தெரியாது. எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிற கொம்பு, கால், சுழி எல்லாம் அவன் கண்ணுக்குத் தூசி மாதிரித் தெரிந்திருக்கிறது. பெயரைத் துப்புரவாக்குகிறேன் என்று எல்லாவற்றையும் துடைத்து எறிந்துவிட்டான்.

"தமிழை மொட்டை அடிச்சுப் போட்டான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, ச.வ. என்று இருந்ததைத் தட்டினார் சிவபாதம். முதலாவது பிள்ளையார் பாட்டு. அடுத்தது நாதஸ்வரம். பெருவிரலால் பத்துப் பாட்டு வரைக்கும் உருட்டிப் பார்த்தார். எல்லாம் சாமத்தியவீட்டுப் பாட்டு, வைத்த ஒழுங்கிலேயே இருந்தது. திருப்தியோடு போனை அணைத்துவிட்டு மேலே போனார்.

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை. கடைசி வரைக்கும் உருட்டியிருந்தால் கண்டிருப்பார். சாவன்னாவுக்கு இருந்த கால் போனால் மிஞ்சுவது ச. செனாவுக்கு இருந்த கொம்பு போனாலும் மிஞ்சுவது ச. ஆப்புக்கு முதலில் வந்தது சாமத்தியவீடு. பிறகு அதே பெயரோடு செத்தவீடு வந்தது. ஒரே பெயர், அப்படியென்றால் ஒரே லிஸ்ற் என்று நினைத்து, ஒரு வார்த்தை கேட்காமல் அதன் பாட்டுகளை இதன் அடியில் ஒட்டிவிட்டது. நாற்பத்தாறு பாட்டு இருக்கவேண்டிய லிஸ்ற்றில் எண்பத்தேழு இருந்தது. நாற்பத்தேழாவது இடத்தில் இராசரத்தினத்தின் பாட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை சிவபாதம் பட்டு வேட்டி சால்வையோடு ஹோலுக்குப் போனார். வேட்டிக்குப் பொக்கற் இல்லை. போனை மடியில் செருகிக்கொண்டு தேங்காய் உடைக்கவும் முடியாது. சவுண்ட் மிக்ஸருக்குப் பின்னால் நின்ற பஸ்ரியனிடம் அதைத் திறந்து கொடுத்தார். பஸ்ரியன் பாசையூர்ப் பொடியன். பொடியன் என்றாலும் நாற்பத்திரண்டு வயது. எட்டு வருசமாக அவரோடு ஸ்பீக்கர் தூக்குகிறவன்.

"ச.வ. எண்டு கிடக்கும். அடிச்சு விடு. ஒண்டையும் தொடாதை. ஒண்டுக்குப் பிறகு ஒண்டு ஒழுங்கா வரும்."

"ச.வ. எண்டால் என்னண்ணை?"

"சாமத்தியவீடடா. கால் போச்சு."

பஸ்ரியன் அவருடைய காலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

பத்தரைக்குப் பாட்டுத் தொடங்கியது. பதினொரு மணிக்கு அட்சயா மாம்பழ நிறச் சேலையில் வந்தாள். சிவபாதம் தேங்காய் உடைத்தார். ஒரே அடியில் சரிபாதி. பிள்ளையின் மாமி ஒருத்தி முதலாவதாக விளக்குத் தட்டால் ஆலாத்தி எடுத்தாள், பிறகு சோடி சோடியாகப் பெண்கள் ஏறினார்கள். தட்டுகளை எல்லாம் அடுக்கிக் கொடுத்தது ரதிதான். ஆனால் ஒன்றையும் அவள் கையில் எடுத்து மேடையில் ஏறவில்லை. சுவரோரம், தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கியிருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். புருசனை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு வரக்கூடாது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு முன்னரே ஒதுங்கி நின்றுவிட்டாள்.

"வாவன் பிள்ளை," என்று சிவபாதம் ஒருக்கால் போய்க் கூப்பிட்டார். "உன்ர பிள்ளையெல்லோ."

"சும்மா இருங்கோ அண்ணை. ஏன் வில்லங்கம். நான் இங்கயிருந்து பாக்கிறன்தானே."

அவருக்கு அது பிடிக்கவில்லை. பெற்ற தாய் போத்தல் மேசைக்குக் காவல் நிற்க, இரண்டு வருசமாகப் போன்கூட எடுக்காத சனமெல்லாம் மேடையில் ஏறிப் படம் எடுக்கிறது. ஆனால் அன்றைக்குச் சண்டை பிடிக்கிற நாள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

ஒன்றேகாலுக்கு இரண்டாவது உடுப்போடு அட்சயா வரவேண்டும் என்பது ஏற்பாடு. நாற்பத்தாறு பாட்டும் இரண்டு மணி வரைக்கும் போகும். அதற்குள் கேக் வெட்டி எல்லாம் முடிந்துவிடும் என்று சிவபாதம் கணக்குப் போட்டிருந்தார். ஒப்பனை செய்ய வந்த பெண்ணை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பொய்ப்பின்னலின் நிறம் பிள்ளையின் முடியோடு சேரவில்லை என்று கழற்றினாள், பூட்டினாள், திரும்பவும் கழற்றினாள். சனம் வடையையும் பற்றிஸையும் முடித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கியது. ஒன்றேகால் ஒன்றரை ஆகி, ஒன்றேமுக்கால் ஆகி, இரண்டும் ஆனது. பாட்டு ஒன்றுக்குப் பிறகு ஒன்றாக, ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு ஒப்பனைப் பெண் கதவைத் திறந்து பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். சிவபாதம் ரோசாப்பூ மாலையோடு வாசலுக்குப் போனார். படம் எடுக்கிறவர்கள் இரண்டு பக்கமும் குந்தினார்கள். முந்நூறு தலையும் வாசல் பக்கம் திரும்பின. நாதஸ்வரம் ஒன்று முடிந்து ஓய்ந்தது. நல்ல நேரத்துக்குத்தான் முடிகிறது, அடுத்ததோடு பிள்ளையை நடக்க விடலாம் என்று சிவபாதம் நினைத்தார்.

அடுத்ததாக ஒரு வயலின் வந்தது. பிறகு ஒரு கிற்றார்.

சிவபாதத்துக்குப் பாட்டு விளங்கிவிட்டது. மாலை கையில் இருந்ததால் கையை அசைத்து நிறுத்தச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் செத்தவீட்டிலும் மிக்ஸரில் நின்றவன் பஸ்ரியன்தான். இரண்டாவது சுரத்திலேயே அவன் பாட்டைப் பிடித்துக்கொண்டான். போனை எடுத்தான். அது பூட்டிக்கிடந்தது, சிவபாதத்தின் விரல் இல்லாமல் திறக்காது. உடனே மிக்ஸரில் சத்தத்தைக் கீழே இழுத்தான். பாட்டு முனகலாகத் தேய்ந்தது. ஆனால் பிடிக்கவேண்டியவர்கள் பிடித்துவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒஷாவா அன்ரி ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் முழங்கையைத் தொட்டார். பேச்சுச் சத்தம் மேசை மேசையாக அடங்கியது. சிவபாதம் தங்கச்சியைப் பார்த்தார். ரதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ஒரு சொல் கொடுத்தேன், ஒரேயொரு சொல், அதையும் காப்பாற்றவில்லையே என்று நினைத்தார். நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

"மாமா."

அட்சயா கதவடியில் நின்றாள். ஊதா நிறப் பாவாடை, தலைநிறையப் பூ. அவளுடைய முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏன் குறைக்கினம்? அது அப்பாட சோங். அப்பாட கார் சோங்."

சிவபாதத்துக்கு விளங்கவில்லை. "என்ன பிள்ளை?"

"சற்றர்டே சுவிம்மிங் போகேக்க எப்பவும் இதுதான் போடுவார். எவ்ரி சிங்கிள் ரைம். அந்த வயலினுக்கு ஸ்ரியரிங்கில தாளம் போடுவார். ஐ ஹேற்றட் இற், எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, பிறகு நானும் பாடுவன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்கள் எனக்காகவே போட்டனீங்களோ?"

அன்றைக்குச் செத்தவீட்டில் பெட்டி மூடுகிற நேரம் பிள்ளையை ஆரோ கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விட்டார்கள். பதினொரு வயதுப் பிள்ளை பார்க்கக்கூடாது என்று. ஹோலில் இருந்த முந்நூறு பேருக்கும் அது இராசரத்தினத்தைக் கொண்டுபோன பாட்டு. இவள் ஒருத்திக்குத்தான் அது தெரியாது. சனிக்கிழமைகளில் ரதிக்கு வேலை. தகப்பனும் மகளும் காரில் என்ன பாடினார்கள் என்று அவளுக்கும் இன்றுவரை தெரியாது.

பிள்ளைக்குப் பொய் சொல்லவும் சிவபாதத்துக்கு மனமில்லை, உண்மை சொல்ல நாக்கும் எழவில்லை. திரும்பவும் தங்கச்சியைத்தான் பார்த்தார். பஸ்ரியனும் மிக்ஸரில் விரலை வைத்தபடி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரதி மேசையை விட்டாள். பஸ்ரியனைப் பார்த்து, உள்ளங்கையை மேலே திருப்பி, இரண்டு தரம் உயர்த்தினாள். கூட்டு.

பஸ்ரியன் கூட்டினான். நான்கு ஸ்பீக்கரிலும் இராசரத்தினத்தின் பாட்டு ஹோல் முழுக்க நிறைந்தது.

ரதி நடந்து வந்தாள். சுவரோரமாக இல்லை, நடுவால், விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் நடந்து வந்தாள். வந்து மகளின் தோளில் நழுவியிருந்த தாவணியைச் சரிப்படுத்தினாள்.

"ஓம்," என்றாள். "மாமாதான் போட்டவர். உனக்காகத்தான்."

"நீங்களும் வாங்கோ அம்மா. பாட்டு முடியப் போகுது."

அட்சயா தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். ரதி ஒரு கணம் நின்றாள். முன்வரிசையைப் பார்க்கவில்லை. ஆரையும் பார்க்கவில்லை. மகளின் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துக்கொண்டு மேடையை நோக்கி நடந்தாள். முன்னால் போகவேண்டிய தாய்மாமன் விலகி வழிவிட்டு, மாலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். ரதி அழுதுகொண்டுதான் போனாள். அழமாட்டேன் என்று நினைத்து வைத்ததெல்லாம் காற்றோடு போனது. அதைத் துடைக்கவும் இல்லை. அட்சயா வயலின் வருகிற இடத்தில் தாயின் உள்ளங்கையில் தாளம் போட்டாள்.

மேடைப் படிக்கட்டடியில் முன்வரிசை ஒஷாவா அன்ரியின் கால் நீண்டிருந்தது. அன்ரி காலை மடக்கிக்கொண்டார்.

மேடையில் ஏறியதும் சிவபாதத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தங்கச்சியின் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"ரதி, நான் போடேல்லை. பிழைச்சுப் போச்சு. போனுக்கு மாத்தேக்க ரெண்டு லிஸ்ற்றும் கலந்திட்டுது. அடுத்தது இதைவிட மோசமான பாட்டு. பஸ்ரியனுக்குத் தெரியும், அவன் நிப்பாட்டுவான்."

"தெரியும் அண்ணை," என்றாள் ரதி. மூக்கை உறிஞ்சினாள். கண்ணீருக்குள்ளேயே அவளுக்குச் சிரிப்பும் வந்தது. "உங்களுக்கு அவ்வளவு மூளை இல்லையெண்டு எனக்குத் தெரியாதே? கதைக்காமல் பிள்ளைக்கு மாலையைப் போடுங்கோ. அவரின்ர பாட்டு முடியமுதல் போடுங்கோ."

சிவபாதம் மாலையைப் போட்டார்.